85 படங்களைத் துளைத்துச் செல்லும் ஒரு கோடு

நிலவில் நீரின் அடையாளத்தைப் படமெடுத்துக் கண்டுபிடித்தார்கள் என்றால் அந்தப் படத்தில் நீர் எங்கே தெரிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தெரியாது. படத்தின் ஒரு புள்ளியிலிருந்து வரைந்த கோட்டு வரைபடத்தில்தான், ஒரு சிறு பள்ளமாக, அது தெரிந்தது.

2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1 விண்கலத்தில் நாசாவின் எம்3 என்ற கனிம ஆய்வுக் கருவி இருந்தது. கைபேசிக் கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கிறது. எம்3 நிலவு முழுவதையும் படமெடுத்த முறையில், கண்ணுக்குத் தெரியும் ஒளி முதல் 3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு வரை 85 பட்டைகளாகப் பிரித்தது. ஆகவே ஓர் இடத்துக்கு 85 படங்கள். நீளம், அகலத்தோடு அலைநீளம் மூன்றாவது பரிமாணம். நுண்ணோக்கிப் பதிவில் அந்த இடத்தில் காலம் வரும். மூளையின் செயல்பாட்டு ஸ்கேனில் மூன்று திசைகளும் காலமும் சேர்ந்து நான்காகிவிடும். திரையோ இரண்டை மட்டுமே காட்டும்.

மீதியைக் காட்டத்தான் கோட்டு வரைபடக் கருவி, அதாவது படத்தில் சுட்டியை வைத்த புள்ளியின் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருள். 85 தாள்களை அடுக்கி ஓரிடத்தில் ஊசியால் குத்தினால் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் துளை விழும் அல்லவா, அந்தத் துளைகளில் உள்ள எண்களை வரிசையாகக் கோர்த்தால் கிடைப்பதே அந்தக் கோடு. தாவரம் மூடிய நிலத்தின் செயற்கைக்கோள் பதிவில் சுட்டியை வைத்தால், பச்சையம் சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் 680 நானோமீட்டர் அருகே கோடு தாழ்ந்து கிடக்கும். 750-ஐ எட்டுவதற்குள் செங்குத்தாக ஏறிவிடும். சுட்டியை மெல்ல நீர்ப்பரப்பை நோக்கி நகர்த்துங்கள். கரையில் பாதி செடியும் பாதி நீருமான புள்ளியில் அந்த மேடு ஏறக்குறையப் பாதி உயரத்துக்கு இறங்கும். அடுத்த புள்ளியில் படுத்துவிடும். வரைபடத்தில் அலைநீளத்தைக் குறிக்கும் செங்குத்துக் கோட்டை இழுத்தால், இம்முறை படம் அந்த அலைநீளத்துக்கு மாறும்.

சுட்டி நகரும் வேகத்துக்குக் கோடும் ஈடுகொடுப்பது எப்படி என்பதே என்னை மிகவும் கவர்ந்த பகுதி. சிலியில் உள்ள விஎல்டி (Very Large Telescope) என்ற தொலைநோக்கியில் இயங்கும் மியூஸ் என்ற கருவியின் பதிவில் 300-க்கு 300 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 3,700 அலைநீளங்கள். மொத்தம் 33 கோடிக்கும் மேற்பட்ட எண்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் 1.3 ஜிபி. கோப்பில் இவை படம் படமாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒரு படத்தைக் காட்டுவது எளிது. தொடர்ச்சியாகப் படித்தால் போதும். கோட்டுக்கு வேண்டிய எண்களோ ஒன்றுக்கொன்று 3,60,000 பைட் தள்ளி இருக்கின்றன. 3,700 பக்கப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழாவது வரியின் மூன்றாவது எழுத்தை மட்டும் படிக்கச் சொல்வதைப் போன்றது இது. கணினியும் நான்கு பைட்டை மட்டும் தனியாக எடுத்து வராது, சுற்றியுள்ளவற்றையும் வாரிக்கொண்டுதான் வரும்.

ஒரு புள்ளியின் எல்லா அலைநீளங்களும் அடுத்தடுத்து அமையுமாறு திருப்பி அடுக்கிய இன்னொரு பிரதியை வைத்துக்கொள்வது ஒரு வழி, இடம் இருமடங்காகும். இதைவிட எனக்குப் பிடித்தது, முழுப் பதிவையும் ஒவ்வொரு விளிம்பிலும் 32 எண்கள் கொண்ட சிறு கனசதுரங்களாக வெட்டிச் சேமிப்பது. அப்போது ஒரு கோட்டுக்கு 116 துண்டுகள் போதும், ஒரு முழுப் படத்துக்கு 100 துண்டுகள். இரண்டு திசைகளிலும் ஏறத்தாழ ஒரே உழைப்பு! கருவியைக் கட்டத் தாராளமாக நிதி ஒதுக்குகிறவர்கள், அதன் பதிவைப் பார்ப்பதற்கான மென்பொருளை யாராவது ஓய்வு நேரத்தில் எழுதிவிடுவார்கள் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒற்றைப் புள்ளியின் கோடு இரைச்சலில் நடுங்கும். ஒரேமாதிரியான 100 புள்ளிகளை வளைத்துச் சராசரி எடுத்தால் தற்செயலான இரைச்சல் பத்தில் ஒன்றாகும். பழுதான புள்ளிகள் இருந்தால் சராசரியை விட இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) நம்பகமானது. செங்குத்து அச்சின் அளவை மென்பொருளே தீர்மானிக்க விடுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் ஒரு சதவீத ஏற்ற இறக்கத்தையும் அது திரை முழுக்க மலைபோல விரித்துக் காட்டும். அப்படி ஒரு மலையை நம்பி நான் ஒரு மாலைப் பொழுதையே வீணடித்திருக்கிறேன்.

நிலவின் கோட்டில் நீர் ஒளியை விழுங்கியதால் விழுந்த பள்ளத்திலும் சிக்கல்கள் இருந்தன. அது 2.8 மைக்ரோமீட்டர் அருகே தொடங்குகிறது. எம்3-இன் பார்வையோ 3-இல் முடிந்துவிடுகிறது. பகலில் சூடேறிய நிலவின் தரை இதே அலைநீளங்களில் தானும் ஒளிர்ந்து பள்ளத்தைத் தூர்த்துவிடுவதால், அந்த வெப்ப ஒளியைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே கோட்டைப் படிக்க முடியும். ஆகவே 2009 செப்டம்பரில் முடிவு வெளியானபோது, நிலவைக் கடந்து சென்ற காசினி, டீப் இம்பாக்ட் விண்கலங்களின் பதிவுகளும் உடன் வந்தது பெரிய பலமாக இருந்தது. அவற்றின் கருவிகள் 3 மைக்ரோமீட்டரைத் தாண்டியும் பார்க்கக் கூடியவை. எம்3-இன் கோடு அறுந்துபோன இடத்துக்கு அப்பாலும் பள்ளம் தொடர்வதை அவற்றின் கோடுகள் காட்டின.