அப்டேட்டுக்குப் பிறகு புளூடூத் எங்கே போனது?

பல லேப்டாப்களின் அடிமூடியைக் கழற்றினால் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு அட்டை ஒன்று கண்ணில் படும். வைஃபை, புளூடூத் இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆண்டெனாக்களும் பொதுவானவை. ஆனால் அட்டையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பாதைகள் மட்டும் வேறு வேறு. வைஃபை பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான உள்வழியாகப் பேசுகிறது. புளூடூத் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி சாதனமாக இணைந்திருக்கிறது.

விண்டோஸ் அப்டேட் போட்ட மறுநாள் வைஃபை ஜோராக ஓட, புளூடூத் பொத்தானே திரையில் இல்லாமல் போவதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். ஒரு பாதை விழித்துக்கொண்டது, மற்றது விழிக்கவில்லை. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்துடன் ஒரு வரி இருந்தால், அநேகமாக அதுதான் உங்கள் புளூடூத்.

ஏன் விழிக்கவில்லை? இத்தகைய சில்லுகள் பலவற்றில் அவற்றின் இயக்க நிரல் நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. கணினி எழும்போதெல்லாம் டிரைவர்தான் (சாதனத்தை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள்) ஃபர்ம்வேர் எனப்படும் அந்த நிரலின் கோப்பைச் சில்லின் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. அப்டேட் வந்ததும் டிரைவர் புதிதாகிவிடும். ஆனால் சில்லுக்கு மின்சாரம் அறுபடாமலே இருந்திருந்தால், பழைய ஃபர்ம்வேரோ பாதியில் நின்ற ஏதோ ஒரு நிலையோ அதற்குள் அப்படியே கிடக்கும். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் முழுமையாகப் புதிதாக எழும், ஆனால் அட்டைக்கு மின்சாரம் நிற்காமல் போகலாம். சரி, ஷட் டவுன் செய்து பார்ப்போம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். விண்டோஸ் 8 முதல் வரும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி, மூடும்போது டிரைவர்களின் நிலையை வட்டில் சேமித்துவிட்டு அடுத்த முறை அதையே திரும்பக் கொண்டுவருகிறது. அதாவது நாம் அணைத்ததாக நினைக்கிறோம், கணினி முழுதாக அணையவில்லை.

அதனால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அப்போதுதான் அது முழு நிறுத்தம். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பல லேப்டாப்களில் எஞ்சிய மின்சாரம் இதில் வடிந்துவிடும். கேட்பதற்கு மந்திரம் போட்டதுபோல் இருந்தாலும், காணாமல் போன புளூடூத் விஷயத்தில் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. டிரைவரைத் தேடி இணையமெல்லாம் அலைவது அதற்குப் பின்னால்தான்.

புளூடூத் இருக்கிறது, ஹெட்போன் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் இணைய மறுக்கிறது என்றால் கதை வேறு. 'பேரிங்' செய்யும்போது இரண்டு சாதனங்களும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. மளிகைக்கடைப் பற்றுக் கணக்கைக் கடைக்காரர் ஒரு நோட்டிலும் வீட்டார் ஒரு நோட்டிலும் எழுதிவைப்பது போலத்தான். அப்டேட்டில் கணினிப் பக்கத்து நோட்டு தொலைந்தாலும், ஹெட்போன் பக்கம் பழைய நோட்டு பத்திரமாக இருக்கும். எண் பொருந்தாவிட்டால் இணைப்பு இல்லை. கணினியில் மட்டும் சாதனத்தை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்க முயல்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். ஹெட்போனிலும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி, அதன் நினைவில் உள்ள பழைய இணைப்புகளை அழித்தால்தான் புதுக் கணக்கு தொடங்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. இரண்டுக்கும் ஒரே புளூடூத் முகவரி, ஆனால் தனித்தனி ரகசிய எண். ஒன்றில் இணைத்தால் மற்றொன்றில் அறுந்துவிடும்.

சில நேரம் அப்டேட் வேண்டுமென்றேதான் இணைப்பைத் துண்டிக்கிறது. இதைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள். 2019 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு சில புளூடூத் சாதனங்கள் விண்டோஸுடன் இணையவில்லை. அது பிழையே அல்ல. ஊரறிந்த சாவிகளைக் கொண்டு குறியாக்கம் செய்த சாதனங்களை இனிச் சேர்க்க வேண்டாம் என்று எடுத்த முடிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆய்வாளர்கள் இன்னொரு ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். 'நாப்' என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலில், இடையில் புகும் ஒருவர் குறியாக்கச் சாவியின் வலிமையை ஒரே ஒரு பைட்டுக்குக் குறைக்கும்படி இரு சாதனங்களையும் ஏமாற்றிவிடலாம். அதன் பிறகு குறைந்தபட்சம் 7 பைட் வேண்டும் என்று புளூடூத் தரநிர்ணய அமைப்பு பரிந்துரைத்தது. இயங்குதளங்கள் அப்டேட் மூலம் கதவை இறுக்கின. இப்படி விதி மாறியதால் வெளியே நிறுத்தப்பட்ட சாதனத்தை ஆயிரம் முறை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. அதன் தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் கொடுத்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ஒலியின் தரம் திடீரென்று பழைய டெலிபோன் காலத்துக்குப் போய்விட்டது என்பது அடுத்த புகார். ஹெட்போன் கெட்டுவிடவில்லை. பாட்டுக் கேட்பதற்கு 'ஏ2டிபி' என்றொரு முறை, மைக்குடன் பேசுவதற்கு 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று வேறொரு முறை. இரண்டாவதில் ஸ்டீரியோ கிடையாது. ஒலி பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கிவிடும். பாட்டுக்கான சாதாரண அளவோ 44,100. அப்டேட்டுக்குப் பிறகு இயல்புநிலை மைக்காக ஹெட்செட் தேர்வாகியிருந்தால், ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்தவுடன் முழு ஒலியும் இந்தக் குறுகிய சந்துக்குள் இறங்கிவிடுகிறது. ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும், பாட்டு பழையபடி வந்துவிடும்.

ஒலி விட்டு விட்டு வந்தால் காற்றைப் பார்க்க வேண்டும். புளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் குடியிருக்கின்றன. வழக்கமான புளூடூத் அங்கே 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வைஃபை சேனல் ஒன்று அவற்றில் ஏறக்குறைய 20 தடங்களை அடைத்துக்கொள்கிறது. 2003-இல் வந்த புளூடூத் 1.2 முதல், நெரிசலான தடங்களைத் தவிர்த்துத் தாவும் திறமை அதற்கு உண்டு. ஆனாலும் ஆண்டெனாவும் பொது, அலைவரிசையும் பொது என்றால் இரண்டும் முறைவைத்துத்தான் பேசியாக வேண்டும். புது டிரைவர் வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அப்டேட் முடிந்த கையோடு கணினி பின்னணியில் செயலிகளையும் தரவிறக்கிக்கொண்டிருக்கும், அந்த நெரிசல் தானாகவே அடங்கிவிடும். யுஎஸ்பி 3 வட்டு ஒன்று பக்கத்தில் செருகப்பட்டிருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அதன் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதை இன்டெல் 2012-இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியது. பாவம், அப்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பழிகளில் இதுவும் ஒன்று.

இனி வீட்டு நெட்வொர்க். நெட் வரவில்லை என்றதும் எல்லாரும் ரவுட்டரைத்தான் அணைத்துப் போடுகிறார்கள். அப்டேட் ஆனது லேப்டாப், ரவுட்டர் அல்ல. வீட்டில் உள்ள மற்ற ஃபோன்களில் நெட் வருகிறதா என்று பார்த்தாலே தேடல் பாதியாகச் சுருங்கிவிடும். பிறகு கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 192.168 என்று ஒழுங்கான முகவரி இருந்து, ரவுட்டரையும் தொட முடிந்து, இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் சந்தேகம் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் போகும். எல்லாத் தளங்களும் திறக்கின்றன, ஆனால் 'நோ இன்டர்நெட்' என்ற அடையாளம் மட்டும் போகவில்லை என்றால் அது விண்டோஸின் சொந்தச் சோதனை தோற்றதால் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு சின்னக் கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் அது இணையம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. 2020-இல் விண்டோஸ் 10-இன் '2004' என்று எண்ணிட்ட பதிப்பில் இந்தச் சோதனை தடுமாறியபோது, நெட் இருந்தும் இல்லை என்று சில செயலிகள் அடம்பிடித்தன.

நெட் நன்றாக வருகிறது, பிரிண்டரும் பகிர்ந்த கோப்புறையும் மட்டும் காணோம் என்றால் விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' ஆகிவிட்டதா என்று பாருங்கள். டிரைவர் புதிதானால் பழைய வீட்டு வைஃபையையே புது இடமாக அது நினைக்கலாம். புது இடம் என்றால் ஃபயர்வால் சுற்றியுள்ளவர்களின் கண்ணிலிருந்து கணினியை மறைத்துவிடும். 'பிரைவேட்' என்று மாற்றினால் தீர்ந்தது. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய வட்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை. வானாக்ரை என்ற, பணயத்தொகை கேட்கும் நச்சுநிரல் 2017 மே மாதம் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 இன்னும் ஒரு படி மேலே போய், புரோ பதிப்பில், தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பம் இல்லாத இணைப்பையும், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. இந்தக் காவலைத் தளர்த்த வழி இருக்கிறது. அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். பெட்டியில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதே நல்லது.

ஆப்பிள் கணினியில் இதே குழப்பத்துக்கு வேறு முகம். 2024-இல் வந்த மேக்ஓஎஸ் சிகோயா முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். குரோமுக்கு அதை மறுத்திருந்தால் ரவுட்டரின் பக்கம் திறக்காது. கட்டளைகளை எழுதும் டெர்மினலில் பிங் செய்தாலோ (மறுமுனையைத் தட்டிப் பார்த்தாலோ) பதில் வரும், ஏனென்றால் டெர்மினலுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு. நெட்வொர்க் அறிந்தவர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

ஃபோன்களில் 2019-இன் ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இன் ஐஓஎஸ் 14-உம், எம்ஏசி எனப்படும் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரிக்குப் பதிலாகக் கற்பனை முகவரி ஒன்றை ரவுட்டரிடம் காட்டத் தொடங்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்படி ரவுட்டரை அமைத்தவர்களின் வீட்டில் சொந்த ஃபோனே அந்நியனாகிவிட்டது. முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது கற்பனை முகவரி என்று கண்டுகொள்ளலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவைத்தால் போதும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் 'நெட்வொர்க் ரீசெட்'. பலர் இதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். இது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கித் திரும்ப நிறுவுகிறது, சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் அழிக்கிறது. அலுவலக விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி நிறுவ வேண்டி வரலாம். ஆகவே அழுத்தும் முன் வைஃபை கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.