மரத்தூளுக்குள் தூங்கும் பனி

“சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் தாவோஸில் அக்டோபர் கடைசியிலேயே பனிச்சறுக்குப் பாதையைத் திறந்துவிடுகிறார்களே, அந்தப் பனி எங்கிருந்து வருகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன குளிர்காலத்துப் பனிதான் அது. கோடை முழுக்க வெட்டவெளியில், மரத்தூளால் மூடிக் கிடந்தது.

புவி சூடாவதால் ஆல்ப்ஸில் பனிக்காலம் சுருங்கி வருவது தெரிந்த கதை. பருவத் தொடக்கத்தில் பனி இல்லையென்றால் விடுதிக்கு ஆள் வராது. அதனால் கடும் குளிரின்போதே இயந்திரங்களால் பனி தயாரித்து, ஒரே குவியலாகக் குவித்து வைக்கிறார்கள். குவியல் பெரிதாக இருந்தால், உள்ளே இருக்கும் பனியின் அளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. சரி, அதன்மேல் ஏன் மரத்தூள்?

தூளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கிறது என்பது பாதி பதில். மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. அடியில் கொஞ்சம் பனி உருகும். அந்த நீரை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மரத்தூள் மேலே இழுக்கிறது. மேலே வந்த நீர் ஆவியாகிறது. ஒரு கிலோ பனியை உருக்க சுமார் 334 கிலோஜூல் போதும்; ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,500 வேண்டும். அதாவது, ஆவியாகிப் போகும் ஒவ்வொரு கிலோ நீரும் ஏழு கிலோ பனியை உருக்கக்கூடிய வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. உருகிய பனியே உருகாத பனிக்குக் காவல்! நமக்கு வியர்ப்பதும் இதே கணக்குதான். காற்று ஈரமாக இருந்தால் இந்த வித்தை மந்தமாகிவிடும் என்பதும் வியர்வைக்குப் பொருந்துவதே.

2015 கோடையில் தாவோஸ் குவியலை ஆய்வாளர்கள் அளந்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் மரத்தூளுக்கு அடியில், கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பனி தப்பியிருந்தது. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்று, அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டூடர் 19ஆம் நூற்றாண்டிலேயே பணம் பார்த்தவர். ஆனாலும் பழைய வித்தைதானே என்று சும்மா விடாமல், எத்தனை சென்டிமீட்டர் தூள் போதும் என்று அளந்து பார்க்கிற இந்த மாதிரி எளிய ஆய்வுக்குத்தான் தாராளமாக நிதி கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆனால் ஒன்று, இந்தப் பனி சில கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி பாதைக்குத்தான் (பெரிய சரிவில்லாத நிலத்தில் சறுக்கிச் செல்லும் பாதை) வரும். மலைச்சரிவு முழுவதையும் மூட முடியாது. அதோடு, தாவோஸ் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே, குளிர்ந்த உயரத்தில் இருக்கிறது. அதைவிடத் தாழ்ந்த ஊர்களுக்கு வேறு வழி வேண்டும். பிரான்சின் ஜூரா மலையில் உள்ள மெட்டாபியெஃப், சரிவுப் பனிச்சறுக்கு முடியப்போவதை ஒப்புக்கொண்டு, பனியை நம்பாத சுற்றுலாவுக்கு இப்போதே மாறத் தொடங்கிவிட்டது.