வாழையிலை ஆடினால் முகம் கலங்கும்

ஆரல்வாய்மொழி பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே பெரியம்மா வீடு. தினமும் ராத்திரி குவைத்தில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசுவார். அம்மா முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று அவனுக்குக் குறை. கடைக்காரர் பேச்சை நம்பி, பெரிய கேமரா உள்ள புது போனும் வாங்கியாச்சு. கட்டம் போகவில்லை. “நீ இந்த வேலைதானே மக்ளே பாக்க, கொஞ்சம் பாரு” என்றார்.

நான் வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் எழுதுகிறவன். போனை விட்டுவிட்டு, அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு மங்கல் பல்பு. முதுகுக்குப் பின்னால் வாழைகள், ஆடிக் காற்றில் பேயாட்டம்.

640-க்கு 480 புள்ளி, விநாடிக்கு 30 படம். இதைச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 110 மெகாபிட் வேண்டும். அந்த வராந்தாவில் அப்லோடு 300 கிலோபிட்டைத் தாண்டவில்லை. அதனால் எச்.264 போன்ற கோடெக் (வீடியோவையோ குரலையோ சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் முறை) ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்பாது. படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, அந்தக் கட்டம் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடி, நகர்ந்த தூரத்தையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் அனுப்பும். பின்னால் சுவர் என்றால் ‘அதேதான்’ என்று சொல்லி முடித்துவிடும். கிழிந்து ஆடும் வாழையிலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. இருக்கிற பிட்டையெல்லாம் இலை தின்றுவிட, முகத்தின் நுணுக்கம் வெட்டுப்படும். மகன் பார்த்த கட்டம் அதுதான்.

மங்கல் வெளிச்சம் இன்னொரு திருடன். இருட்டில் கேமரா சிக்னலைப் பெருக்கும்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். நம் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. கோடெக்குக்கோ அது ஒவ்வொரு படத்திலும் புது மாற்றம். (பலா காய்த்திருப்பதைக் காட்ட போனைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.)

படம் உறைந்து நிற்பது வேறு கதை. வீடியோ சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்களாகத்தான் (பாக்கெட்) போகும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அதை நம்பி வரும் அடுத்த படங்களும் கெடும். சரிசெய்ய முழுப் படம் ஒன்றைப் புதிதாக அனுப்ப வேண்டும். அது பல மடங்கு பெரிது. மெலிந்த சிக்னலில் அதுவே பாரம். அப்போது கேமராவை மட்டும் அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஓபஸ் கோடெக்கில் குரலுக்கு 24 கிலோபிட்டே தாராளம்.

சரி, பெரியம்மாவைச் சுவரோரம் உட்கார வைத்து, விளக்கை முகத்துக்கு எதிரே மாற்றி, போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன். அன்றைக்கு மகன் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, காதுல கம்மல எங்க?”

கம்மல் அடகுக் கடையில் இருந்தது. புது போன் அப்படித்தான் வந்திருக்கிறது.