பாலக்கீரையைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்

கால்சியம் குறைந்து எலும்பு மெலிந்து இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது பியர்டட் டிராகன் இது, வீட்டில் வளர்க்கும் ஒருவகை ஓணான். பரிசோதனை மேசையில் விட்டால் பியர்டட் டிராகன் முன்னங்காலை ஊன்றி மார்பை நிமிர்த்த வேண்டும். இது வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தவழ்ந்தது. தாடையை விரலால் மெல்ல அழுத்தினேன். ரப்பரைப் போல வளைந்தது. என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தினமும் பாலக்கீரைதான் டாக்டர். அதில்தானே சத்து அதிகம்?"

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாலக்கீரையில் கால்சியம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதே இலையில் ஆக்சலேட் என்ற உப்பும் மண்டிக் கிடக்கிறது. அது கால்சியத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியது எச்சத்தோடு போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கித் தூவிய கால்சியம் பொடியிலும் ஒரு பங்கு அதோடு சேர்ந்து போகும். நமக்கு நல்லது ஓணானுக்கும் நல்லது என்று யார் சொன்னது? என்றோ ஒருநாள் இரண்டு இலை தின்றால் ஒன்றும் ஆகாது. தினமும் அதையே போடுவதுதான் வினை. ஐஸ்பர்க் லெட்யூஸ் என்ற சாலட் இலையோ வெறும் தண்ணீர்.

காலார்ட் (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை), கடுகுக்கீரை, டேன்டிலியன் (மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி) இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பட்டர்நட் பூசணியைப் பச்சையாகவே துருவிப் போடலாம், வேகவைக்க வேண்டாம். நன்றாக அலசிய இலையில் ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தால் நல்லதே, இந்த ஓணான்கள் கிண்ணத்துத் தண்ணீரைச் சீண்டுவது அபூர்வம். நறுக்கும் முன் உங்கள் ஓணானின் முகத்தை ஒருமுறை பாருங்கள்: இரு கண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடத் துண்டு பெரிதாக இருக்கக் கூடாது. அவகாடோவும் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடியும் நஞ்சு. துளிகூட வேண்டாம்.

குஞ்சுக்குப் பூச்சிதான் முதல் தீனி. வளர்ந்ததற்குத் தட்டில் முக்கால் பங்குக்கு மேல் இலையும் காயும் இருக்க வேண்டும். குஞ்சு கீரையைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் தினமும் வைத்துப் பழக்குங்கள்.

யூவிபி என்ற புறஊதாக் கதிர் தரும் விளக்கு இல்லாமல் இத்தனையும் வீண், அந்தக் கதிர் பட்டால்தான் உடம்பு கால்சியத்தை ஏற்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதன் வழியே வரும் வெயில் கணக்கில் சேராது. (விளக்கைப் பற்றித் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.)

தீனிக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஊர்வனவற்றில் சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி சகஜம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

விரல் துடித்தாலோ கால் நடுங்கினாலோ அன்றே கொண்டுவாருங்கள், தயவுசெய்து. மூன்றாவதாக வந்ததற்கு விரல் துடிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். இனி எலும்பை உறுதிப்படுத்தப் பார்க்கலாம். வளைந்த தாடை பழையபடி நேராகாது.