லென்ஸ் வளையத்தின் கடைசி எண்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குத்துவிளக்குக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே சில நாள் பிலிம் கேமராக்களும் கிடைக்கும். பெரும்பாலும் கோடக் கேபி 10, யாஷிகா எம்எஃப் 2 போன்றவை. ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவை. அவற்றோடு, மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த உறவினர் வாங்கிவந்து, பிறகு பெட்டகத்திலேயே தங்கிப்போன ஜூம் கேமரா ஒன்றும் கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். பொத்தானை அமுக்கினால் மூக்கு நீளும். "140 வரைக்கும் இழுக்கும்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவார்.

அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் பெரியப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனேன். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தின், ஒரு மூலைத் தூணருகே நின்றபடி, எதிர்ச் சாரத்தில் (எதிர்ப் பக்கத் தாழ்வாரத்தில்) உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் முகத்தை ஜூமை முழுவதும் இழுத்து எடுத்தேன். அன்று முழுக்க அப்படியேதான் எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது 36 படங்களில் பாதிக்கு மேல் இருண்டும் கலங்கியும் இருந்தன. அப்பத்தாவின் தோடு இரண்டு ஒளிக்கோடுகளாக இழுபட்டிருந்தது. கேமராவில் ஒரு பழுதும் இல்லை. தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அது லென்ஸைச் சுற்றிய வளையத்திலேயே எழுதி வைத்திருந்தது: 38–140 மிமீ, 1:4–11. முதல் இரண்டு எண்களுக்காகத்தான் எல்லோரும் வாங்குகிறோம். பார்க்க வேண்டியது கடைசி எண்ணை.

அந்த எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு செட்டிநாட்டு வீடே போதும். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கலாம். அங்கிருந்து இரண்டாங்கட்டை நோக்கி நடக்க நடக்க வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. முற்றம் சுருங்கிவிடவில்லை, நாம்தான் தள்ளிப் போய்விட்டோம். கேமராவுக்குள் பிலிமின் நிலையும் இதுதான். லென்ஸின் திறப்பு முற்றம். வளையத்தில் மிமீயில் எழுதியிருக்கும் குவியத் தூரம் நாம் தள்ளி நிற்கும் தொலைவு. தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்தக் கடைசி எண்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 மிமீ நிலையில் எண் 4. எனவே திறப்பின் விட்டம் 9.5 மிமீ. 140 மிமீ நிலையில் எண் 11. விட்டம் 12.7 மிமீ. தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடியிருக்க, திறப்பு மூன்றே மில்லிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது. ஒளி இந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், முழு ஜூமில் பிலிமை அடைவது ஏழரையில் ஒரு பங்கு. 38இல் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் போதும் என்றிருக்கும் இடத்தில், 140இல் 8இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். ஜூம், முகத்தைப் பெரிதாக்குவது போலவே கையின் நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. தோடு கோடாக இழுபட்டது இதனால்தான்.

திறப்பைப் பெரிதாக்கியிருக்கலாமே என்று தோன்றும். 140 மிமீ நிலையிலும் எண் 4 வேண்டுமென்றால் 35 மிமீ விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். அது சட்டைப்பைக்குள் போகாது. இந்தக் கேமராக்களின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் பிலிமுக்கு முன்னால் ஒரு நிலைக்கண்ணாடி ஏறி இறங்குவதால் லென்ஸ் எட்டவே நிற்க வேண்டும். இவற்றில் அந்தத் தடை இல்லை. முன்னால் ஒளியைக் குவிக்கும் ஒரு தொகுதி, பின்னால் அதை விரிக்கும் ஒரு தொகுதி. பின்தொகுதி பிலிமை ஒட்டியே நிற்கலாம். ஜூம் செய்யும்போது இரண்டும் முன்னே நகர்கின்றன, இடைவெளி சுருங்குகிறது. பின்தொகுதி பிம்பத்தை ஊதிப் பெரிதாக்குகிறது. அதே ஒளி பெரிய பரப்பில் பரவுவதால் பிம்பம் மங்குகிறது. சிறிய உடம்புக்குக் கொடுக்கும் விலை அது.

1986இல் ஜூமுடன் வந்த முதல் ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட் கேமராவான பென்டாக்ஸ் ஜூம் 70, பெயரில் உள்ளபடி 70 மிமீயோடு நின்றுவிட்டது. அதன் பிறகு 105, 140, 160 என்று போட்டி வளர, வளையத்தின் கடைசி எண்ணும் ஏறிக்கொண்டே போனது. என்னைக் கேட்டால் 35–70 அல்லது 38–80 போதும் என்பேன். 105ஐத் தாண்ட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே எடுப்பவர்களுக்கு ஜூமே இல்லாத, 1:2.8 என்று எழுதியிருக்கும் கேமரா இன்னும் மேல்.

ஃபிளாஷ் இருக்கிறதே என்பார்கள். சிறு கேமராவின் ஃபிளாஷுக்கு வழிகாட்டி எண் 12 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை லென்ஸ் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 100 ஐஎஸ்ஓ (பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன்) பிலிமில் 38 மிமீயில் 3 மீட்டர். முழு ஜூமில் ஒரு மீட்டர் சொச்சம். 400 ஐஎஸ்ஓ பிலிம் போட்டால் இரண்டும் இரட்டிக்கும். அப்போதும் முழு ஜூமில் இரண்டு மீட்டர்தான். எதிர்ச் சாரத்து அப்பத்தாவுக்கு எங்கே எட்டும்? ஆகவே இந்தக் கேமராவுக்கு 400தான் அன்றாடப் பிலிம்.

பிலிமின் வேகத்தைக் கேமரா தானாகவே தெரிந்துகொள்கிறது. 1983இல் கோடக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. பிலிம் டப்பியின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்கும். வெள்ளிக் கட்டத்தில் மின்சாரம் பாயும், கறுப்பில் பாயாது. டப்பி உட்காரும் குழியில் உள்ள சிறு ஊசிகள் அதைத் தொட்டுப் படிக்கின்றன. இப்போது சினிமா பிலிமைக் கையால் சுற்றி விற்கும் டப்பிகளில் பெரும்பாலும் இந்தக் கட்டங்கள் இருப்பதில்லை. அப்போது உள்ளே இருப்பது 400 பிலிமாக இருந்தாலும் பல கேமராக்கள் 100 என்றே எடுத்துக்கொண்டு ஷட்டரைத் தேவைக்கு மேல் திறந்து வைக்கும். கலர் நெகடிவ் கூடுதல் வெளிச்சத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் மங்கலான இடத்தில் கை ஆடிய படம்தான் மிஞ்சும்.

ஃபோகஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகள் அதற்குப் பெரிய சோதனை. இந்த வகைக் கேமராக்களில் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை முன்னே அனுப்புகின்றன. எதிரில் பட்டுத் திரும்பும் ஒளி எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைப் பக்கத்து ஜன்னலில் உள்ள உணரி அளக்கிறது. அருகில் இருப்பதற்குக் கோணம் அதிகம், தொலைவில் இருப்பதற்குக் குறைவு. பெல்ஜியம் கண்ணாடியில் பட்டால் கதிர் வேறு பக்கம் தெறித்துவிடும். வழவழப்பான கருங்கல் தூணில் சாய்வாகப் பட்டாலும் அப்படித்தான். திரும்பாத ஒளியை 'வெகுதூரம்' என்று கேமரா புரிந்துகொள்ளும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கதிர் நுழைந்துவிட்டால், பின்னால் உள்ள தேக்கு நிலையின் செதுக்கல்கள்தான் துல்லியமாக வரும். சட்டத்தின் நடுவை ஒருவர் முகத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி அமுக்கி, விடாமல் கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைத்து, பிறகு முழுதாக அமுக்குங்கள்.

கடைக்குப் போகும்போது பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலானவற்றுக்கு சிஆர்123 அல்லது சிஆர்2 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான். மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் உள்ள ஊர் காரைக்குடி. ஆனாலும் இந்த பேட்டரி எல்லாக் கடையிலும் கிடைக்காது. போட்டுப் பார்த்து, லென்ஸ் முழுதாக நீண்டு தடங்கலின்றி உள்ளே போகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டர் அடிக்கும்போது வெளிச்சம் மின்னுகிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. கடையின் இருட்டு மூலைக்குப் போய், லென்ஸை நீட்டி, அதன் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடுக்குகளில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னாலிருந்து பாருங்கள். குழல்களுக்கு நடுவே உள்ள ஒளித்தடுப்பு வளையங்கள் தேய்ந்திருந்தால் ஒரு மெல்லிய பிறை தெரியும். தெரிந்தால் வாங்காதீர்கள். வீட்டில் கழற்றிச் சரிசெய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம்; ஃபிளாஷின் மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது உடனே போகாது.

அதே கேமராவில் 400 பிலிம் போட்டு, போன தை மாதம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். அப்பத்தா முற்றத்தின் ஓரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஜூமைத் தொடவில்லை, 38 மிமீயிலேயே ஃபிளாஷை அணைத்துவிட்டு, இரண்டு எட்டு தள்ளி ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்து எடுத்தேன். படத்தில் வெற்றிலையின் நரம்பு தெரிகிறது.