"தண்ணீரைக் கொதிக்க வைப்பீர்களா?": ஒரு சுகாதாரக் கேள்வி எங்கே தவறுகிறது

"நீங்கள் கொதித்தாறிய தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், இலங்கையின் வடக்கே வன்னியின் பெரும்பாலான வீடுகளில் "ஓம்" என்றுதான் பதில் வரும். கேட்டவர் படிவத்தில் சரி அடையாளம் போடுவார். படிவங்கள் சேர்ந்ததும், இந்த ஊர் பாதுகாப்பான நீரைக் குடிக்கிறது என்று அறிக்கை எழுதப்படும். மாரியில் அதே ஊரில் வயிற்றோட்டம் பரவினால் அந்த அறிக்கை எதற்கும் உதவாது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் விடிந்ததும் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது, தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆகவே கொதிக்க வைப்பது உண்மை. ஆனால் வயலுக்குப் போகும்போது போத்தலில் நிரப்புவது கிணற்று நீர். மத்தியானம் சாப்பிட்டபின் செம்பில் அள்ளிக் குடிப்பது குடத்து நீர். பிள்ளை குடிப்பது பள்ளிக்கூடக் குழாய் நீர். கேள்வி இவற்றைப் பிரித்துக் கேட்கவேயில்லை. போதாக்குறைக்கு, எந்தப் பதில் வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிக்கொடுத்துவிட்டது. வீடு தேடி வந்தவரின் மனம் கோணாமல் பேசுவது எங்கள் ஊர்ப் பண்பு. அந்தப் பண்பை வைத்துத் தரவு சேர்ப்பது நியாயமில்லை.

பல நாடுகளில் நடக்கும் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் இதை வேறு விதமாகக் கேட்கின்றன. முதலில், வீட்டாரின் குடிநீர் முதன்மையாக எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. அடுத்து, அந்த நீரைப் பாதுகாப்பாக்க ஏதாவது செய்கிறீர்களா என்பது. ஆம் என்றால் மட்டும், வழமையாக என்ன செய்வீர்கள் என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு விடைப் பட்டியலை வாசித்துக் காட்டுவதில்லை. கொதிக்கவைத்தல், குளோரின் இடுதல், துணியால் வடித்தல் என்று அவர் தானாகச் சொல்வதைக் கேட்டு, "வேறு ஏதாவது?" என்று மட்டும் தூண்டிக் குறித்துக்கொள்கிறார்கள். வன்னிக்கு இது மட்டும் போதாது என்பேன். ஆடி, ஆவணியில் கிணறு வற்றிப் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீரை நம்பும் வீடு மார்கழியில் மறுபடி கிணற்றுக்குத் திரும்புகிறது. கோடைக்கும் மாரிக்கும் தனித்தனியே கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது மனம் நான்கு வேலைகளைச் செய்கிறது என்று உளவியலாளர் ரோஜர் டூராங்கோ 1984இல் விளக்கினார்: கேள்வியை விளங்கிக்கொள்வது, நினைவில் தேடுவது, கிடைத்ததை வைத்து ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவைக் கொடுக்கப்பட்ட விடைகளுக்குள் பொருத்துவது. தண்ணீர்க் கேள்வி முதற்படியிலேயே சறுக்கியது. நினைவுப் படியில் சறுக்குபவை இன்னும் அதிகம். "கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை காய்ச்சல் வந்தது?" என்று கேட்டால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, மதிப்பிடுகிறார்கள். பெரிய காய்ச்சல் நேற்று வந்ததுபோல் நிற்கும், சிறியது மறந்துபோகும். அதனால்தான் குழந்தைகளின் வயிற்றோட்டத்தைப் பற்றிக் கேட்கும் ஆய்வுகள் கடந்த இரண்டு வாரங்களை மட்டும் கேட்கின்றன. அதற்கு மேல் பின்னே போகவேண்டுமானால் நாட்காட்டித் தேதி உதவாது. "காலபோக நெல் அறுவடைக்குப் பிறகா, முன்னா?", "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னரா?" என்று கேட்டால் நினைவுக்குப் பிடி கிடைக்கும்.

விடைகளை அடுக்கும் விதமும் பதிலை மாற்றும். நோர்பர்ட் ஷ்வார்ஸ் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வில், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சாராருக்கு விடைகள் அரை மணியில் தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. மற்றவர்களுக்கு "இரண்டரை மணி வரை" என்பதே முதல் விடை. முதல் சாராரில் சுமார் 16 சதவீதத்தினரும், இரண்டாம் சாராரில் சுமார் 38 சதவீதத்தினரும் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள். பட்டியலின் நடுப்பகுதி சாதாரண மனிதரின் அளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தன்னை அதற்கு அருகில் வைக்கிறது. "நாளுக்கு எத்தனை தடவை வெற்றிலை போடுவீர்கள்?" என்ற கேள்விக்கும் இது பொருந்தும். விடைப் பட்டியலைக் கொடுக்காமல் எண்ணை அவரே சொல்லவிடுவது நல்லது. புகைப்பதையும் மெல்லுவதையும் தனித்தனியே கேட்கவேண்டும். "புகைப்பதில்லை" என்பவர் வெற்றிலையோடு புகையிலையும் போடக்கூடும்.

பயிருக்குப் பூச்சிமருந்தடிக்கும் விவசாயிகளிடம், "கையுறையும் முகக்கவசமும் அணிவீர்களா?" என்று கேட்பது இரண்டு கேள்விகளை ஒன்றாக்குவது. முகத்தில் துணி கட்டி, வெறுங்கையால் மருந்து கலப்பவர் ஆமென்பதா, இல்லையென்பதா? "கடைசியாக மருந்தடித்த அன்று கையில் என்ன போட்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். முகத்தைப் பற்றி அடுத்துக் கேளுங்கள். என்ன செய்யவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று என்ன நடந்தது என்பதுதான் தேவை.

இது வெறும் மொழி நேர்த்தி அல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. கிணற்று நீரும் விவசாய இரசாயனங்களும் சந்தேகப் பட்டியலில் உள்ளவை. காரணத்தைத் தேட, நோயாளியிடமும் நோயில்லாதவரிடமும் கேட்டு ஒப்பிடுகிறோம் என்று வையுங்கள். நோயாளி, எதனால் தனக்கு இது வந்தது என்று இரவு பகலாக யோசித்தவர். முப்பது வருடத்துக்கு முந்தைய கிணற்றையும் நினைவில் தோண்டி எடுப்பார். நோயில்லாத அயலவர் அப்படித் தேடமாட்டார். இருவரும் ஒரே கிணற்று நீரைக் குடித்திருந்தாலும் நோயாளியின் படிவத்தில் மட்டும் அது பெரிதாகத் தெரியும். இதற்குப் பெயர் நினைவுச் சாய்வு. முழுமையாக நீக்க முடியாவிட்டாலும் குறைக்கலாம்: இருவரிடமும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில், சிறுநீரகத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே வேலையையும் தண்ணீரையும் கேட்டு முடிப்பது.

வன்னி மக்களுக்குப் பதிவுப் படிவம் புதிதல்ல. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலும் அதற்குப் பின் மீள்குடியேற்றத்திலும் எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டையும் மலசலகூடத்தையும் பற்றிக் கேட்டால் நிவாரணம் வரப்போகிறதோ, வெட்டப்படப்போகிறதோ என்ற எண்ணம் எழுவது இயல்பு. எதற்காகக் கேட்கிறோம், பதிலால் எந்த உதவியும் கூடவோ குறையவோ போவதில்லை, விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம் என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். கிராம அலுவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதுப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது.

படிவத்தை அச்சடிக்குமுன் ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். பதிலைக் கேட்டதோடு நிறுத்தாமல், "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறோம் என்று நினைத்தீர்கள்? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மூன்று பேர் மூன்று பொருள் சொன்னால் கேள்வியைத் திருத்தி, இன்னும் பத்துப் பேரிடம் கொண்டுபோங்கள்.