சித்தன்னவாசல் ஓவியத்தை ஏன் திரும்ப வரையக் கூடாது

சுவரோவியங்களைப் பாதுகாப்பது என் தொழில். சித்தன்னவாசலுக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "பாதி அழிஞ்சு போச்சே, நல்ல ஓவியரா பார்த்துத் திரும்ப வரைஞ்சா என்ன?" அக்கறையில் பிறக்கிற கேள்வி என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கும் சித்தன்னவாசல் குன்று நெடுங்காலம் சமண முனிவர்கள் வாழ்ந்த இடம். மேலே ஏழடிப்பட்டம் குகையில் 17 கற்படுக்கைகள் உண்டு. அவற்றில் பெரியதில் தமிழ்ப் பிராமி என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒரு முனிவருக்கு இளயர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்கிறது அது. பல நூற்றாண்டு கழித்தும் அங்கே துறவிகள் தங்கியதற்குப் படுக்கைகளில் வெட்டிய பெயர்கள் சாட்சி.

ஓவியங்கள் இருப்பது குன்றின் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்த அறிவர் கோயில் என்னும் சமணக் கோயிலில். கருவறைக்கு முன்னுள்ள உள்மண்டபத்தின் (அர்த்தமண்டபம்) மேற்கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் அதில் உண்டு. நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் அடியார்கள் மலர் கொய்யும் காட்சி என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மொட்டு, பாதி விரிந்த பூ, முழுதாய் மலர்ந்த பூ என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். தூண்களில் ஆடும் பெண்கள் இருவர். நிறம் உதிர்ந்த இடங்களில் வெறும் கோடுகளே நிற்கின்றன. எனக்கு அந்த இடங்கள்தான் மிகப் பிடிக்கும், ஓவியரின் கைவேகம் அங்கேதான் தெரிகிறது.

இவற்றை வரைவித்தவர் மகேந்திரவர்மப் பல்லவன் என்றே முதலில் நம்பினார்கள். அப்புறம்தான் முகப்பருகே பாறையில் இருந்த கல்வெட்டு கணக்கை மாற்றியது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் (815–862), இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முகமண்டபமும் கட்டியதாக அது சொல்கிறது. ஓவியங்களும் அந்தக் காலத்தவை என்ற கருத்து அதிலிருந்து வந்ததுதான்.

"அவர் புதுப்பிக்கலாம், நாம் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இளங்கௌதமன் காலத்தில் அந்தச் சமணக் கோயிலில் வழிபாடு நடந்தது, அந்த மரபில் வரையும் கைகளும் இருந்தன. இன்று அந்தக் கை யாரிடமும் இல்லை. நாம் வரைந்தால் 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் மேல் நம் ஊகம்தான் ஏறி உட்காரும். எது பழையது, எது புதியது என்று அடுத்த தலைமுறை பிரிக்கவே முடியாது. காலத்தைச் சொல்லும் தடயங்களும் அதோடு போய்விடும்.

அதனால் எங்கள் வேலை இருப்பதை நிறுத்திவைப்பதுதான். பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய வெண்சுண்ணாம்பு, அதில் வண்ணம். எல்லாம் சேர்த்தே சில மில்லிமீட்டர்தான். விரலால் மெல்லத் தட்டினால் பூச்சு பாறையை விட்டு விலகிய இடம் பொள்ளென்று ஒலிக்கும். அங்கே நீர்த்த சுண்ணாம்புக் கலவையை ஊசியால் செலுத்தி ஒட்டவைப்போம். உடைந்த ஓரங்களைப் பூசி மூடுவோம். இல்லாத பூவை வரைய மாட்டோம்.

தட்டிப் பார்ப்பதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. பார்க்க வருகிறவர்கள் தூணில் சாயவோ தொடவோ வேண்டாம். வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும், துடைக்கப் போனால் நிறமும் சேர்ந்து வரும்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குகிறதா? வெள்ளையடிப்பதற்கும், மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்யும் மணல்வீச்சுக்கும் முன்னால், ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பழைய சுண்ணாம்பு உரிந்த இடத்தில் காவிக் கோடோ பச்சைத் திட்டோ தெரிந்தால், சுரண்டாமல், ஈரத்துணி வைக்காமல் போட்டோ எடுங்கள். அந்தச் சுவர் வேலையை மட்டும் நிறுத்தச் சொல்லி, தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.